காலி இடம் என்று எழுதிவிட்டுப் போனவர்கள்

நான் நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை. இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கம்பத்தில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தாரைக் கையில் தூக்கிப் பார்த்து, இது எர்ணாகுளம் போய்ச் சேரும்வரை தாங்கும் என்று நான் சொன்னால், அந்த ஊர் வியாபாரி மறுபேச்சுப் பேசமாட்டான். தலைச்சுமை தூக்கி ஆரம்பித்தவன் நான். இன்றைக்குச் சொந்தமாக லாரிகள் ஓடுகின்றன. மாடி வீடு நிற்கிறது. மகள் தேனியில் வக்கீல். எவர் வாசலிலும் கைகட்டி நின்று நான் இதைச் சம்பாதிக்கவில்லை. அதனால் படித்தவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இருப்பது கோபம்.

எங்கள் குடியிருப்பு, கம்பம்மெட்டுக்குப் போகிற சாலையை ஒட்டி, ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. நகராட்சிக்கு உட்பட்ட இடம்தான். வீட்டு வரி கட்டுகிறோம், குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. பாதி வீடுகளில் பெண்கள் மலைக்குப் போகிறவர்கள். மலை என்றால் எங்களுக்குக் கேரளாவில் இருக்கிற ஏலக்காய்த் தோட்டம். விடிவதற்கு முன்னால் ஜீப்பு வரும். தூக்குவாளியும், மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாளுமாக ஏறிப் போவார்கள். பொழுது சாயும்போது அதே ஜீப்பு கொண்டுவந்து இறக்கிவிடும். காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே அடுப்பு மூட்டுவார்கள். ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பு.

அந்த ஜீப்புகள் நிற்கிற இடம், எங்கள் தெருக்கள் வந்து கூடுகிற மண்தரை. நகராட்சிக்குச் சொந்தமான பொட்டல். ஒருகாலத்தில் அதை ஆளாளுக்கு வேலிபோட்டு அமுக்கப் பார்த்தார்கள். ஒருவரையும் நான் விடவில்லை. தாசில்தாரிடம் போய் நின்று, கத்தி, அதைத் திறந்த இடமாக வைத்தவன் நான்தான். பொட்டல் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருப்பதால் ஜீப்புக்காரன் பயமில்லாமல் நிறுத்துவான். ஒரு பெண் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பிந்தி வந்தாலும் காத்திருப்பான். சாலையோரத்தில் அப்படி நிற்க முடியாது. ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கிறான் என்று போலீஸ் பார்த்தால் வண்டியைப் பிடித்துவிடும். நிற்க இடம் இல்லை என்றால் அவன் எங்கள் பக்கமே வராமல் அடுத்த குடியிருப்பில் ஆளேற்றிக்கொண்டு மலையேறிவிடுவான். அந்தப் பொட்டல் போனால் எங்கள் பெண்களுக்கு வேலை போச்சு. விஷயம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

பெரிய படிப்பு படித்தவர்கள் வந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து, நகர்ப்புறச் சமுதாய மேம்பாடு என்று ஒரு திட்டம். ஒரு பேராசிரியர், பதமாகப் பேசுகிறவர், தலையில் துணித்தொப்பி. அவருக்குப் பின்னால் ஆராய்ச்சி மாணவர்கள் சிலபேர். கூடவே, திட்டத்தில் தற்காலிகச் சம்பளத்துக்குக் களப்பணி பார்க்கிற ஒரு பெண். அவள் நம் பள்ளத்தாக்குப் பிள்ளை. பக்கத்தில் கிறிஸ்தவர்கள் இருக்கிற ஒரு வேதக்கார ஊர், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வியை அவள்தான் எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி திருப்பிக் கேட்பாள்.

என்னை முதல்நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடிக்காமல் எப்படிப் போவார்கள்? என் வாழ்க்கையைக் கேட்டார்கள். சொன்னேன். பதிவு செய்கிற மெஷினில் சார்ஜ் தீர்ந்து, வேறொன்றை எடுத்து வைத்தார்கள். மூட்டை தூக்கியவன் முதலாளி ஆன கதை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குடியிருப்போர் குழு என்று ஒன்று அமைத்து என்னைத் தலைவர் ஆக்கினார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். தலைவர் ஆகத் தகுதி உள்ள வேறு ஆள் அங்கே யாரும் இல்லை.

அவர்களுடைய வேலைமுறை என்னவென்றால், ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பு. திங்கள் சுகாதாரம் என்றால் சுகாதாரம் மட்டும். நான் ஜீப்பைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு மாணவர், ஐயா, போக்குவரத்து அடுத்த வாரம் வருகிறது, அப்போது சொல்லுங்கள் என்றார். எங்கள் மண்டியில் தார் வந்து இறங்கும்போது, இன்றைக்கு ரஸ்தாளி மட்டும்தான், நாட்டுப்பழம் அடுத்த வாரம் வா என்று சொன்னால் என்ன ஆகும்? சரி, படித்தவர்கள் முறை அது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வரைபடம் போடுகிற நாள் வந்தது. மக்களே தங்கள் பகுதியைத் தரையில் வரைந்து காட்ட வேண்டுமாம். கலர் கோலப்பொடி மூட்டை வந்து இறங்கியது. எங்கே வரைவது? அகலமான தரை வேண்டும். அந்தப் பொட்டலிலேயே வரைய வைத்தார்கள். நேரம் வெயில் ஏறிய பிறகு. அந்த நேரத்துக்கு எங்கள் தெருவில் யார் இருப்பார்கள்? கிழவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடக்கிற சில ஆம்பிளைகள். அவர்கள்தான் மக்கள். பச்சைப் பொடியில் வாய்க்கால், மஞ்சளில் தெரு, சிவப்பில் கோயிலும் ரேஷன் கடையும். நன்றாகத்தான் வந்தது. பொட்டல் வந்த இடத்தில் மட்டும் ஒரு கட்டம் போட்டு உள்ளே ஒன்றும் தூவாமல் விட்டுவிட்டார்கள். நான் மண்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இங்கே ஜீப்பு நிற்கும், அதைப் போடுங்கள் என்றேன். பேராசிரியர் தலையை ஆட்டினார். பொழுதாகிவிட்டது, நாளைக்கு வந்து சரிபார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறோம், யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவர்கள் வந்து பார்த்தபோது ஊரும் இல்லை, தெருவும் இல்லை. பச்சையும் மஞ்சளும் சிவப்பும் குழம்பிக் கிடந்தன. பேராசிரியருக்கு முகம் சுருங்கிவிட்டது. யார் கலைத்தது, பையன்கள் விளையாடினார்களா என்று கேட்டார். தரையில் டயர் தடம் புதுக்கருக்காகப் பதிந்து கிடக்கிறது. அந்தத் தடத்தின் மேலேயே நின்றுகொண்டு கேட்கிறார்.

களப்பணிப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்.

“ஜீப்பு வந்துட்டுப் போயிருக்கு சார். மலைக்குப் போறவுக இங்கனதான் ஏறுவாக.”

அவர் அதைக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன், அவர் கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் மாணவர்களைப் பார்த்து, பொடி மிச்சம் இருக்கிறதா, திரும்பப் போட்டுவிடலாம் என்றார்.

போட்டார்கள். அந்தக் கட்டம் திரும்பவும் வெறுமையாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் கொஞ்சநாள் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் பளபளவென்று ஒரு படம். எங்கள் பொட்டலில் பூங்கா. சுற்றி இரும்புவேலி, உள்ளே நடைபாதை, சிமெண்டு பெஞ்சு, குழந்தைகளுக்கு ஊஞ்சல், கேட்டுக்குப் பூட்டு. படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பலூன் வைத்துக்கொண்டு நிற்கிறது. பயன்பாட்டில் இல்லாத காலி இடத்தை மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது என்று மேலே எழுதியிருந்ததைக் களப்பணிப் பெண் வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நகராட்சி ஒத்துக்கொண்டாயிற்று, குடியிருப்போர் குழுத் தலைவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் வேலை ஆரம்பம் என்றார்கள். அதற்குத்தான் என்னைத் தலைவர் ஆக்கியிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் கத்தவில்லை. இவர்கள் வருகிற நேரத்தில் ஜீப்பு இருக்காது, கண்ணால் பார்க்காததால் புரியவில்லை என்று நினைத்தேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மலைக்குப் போகிற பெண்கள் அன்றைக்குத்தான் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்தைப் பேசலாம் என்றேன். பேராசிரியர் யோசித்தார். ஞாயிறு அவர்களுக்கு வேலைநாள் இல்லையாம். வண்டிக்கு டீசல் போடுவதற்கு உத்தரவு வாங்க வேண்டுமாம். மலைக்குப் போகிறவள் ஒருநாள் லீவை விட்டுக்கொடுத்துப் பேச வருகிறாள், இவருக்கு டீசலுக்கு உத்தரவு வேண்டும். நான் வேண்டுமானால் டீசல் அடித்துத் தருகிறேன் என்றேன். கடைசியில் வந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு ஆள் சேர்த்து ஜீப்பில் ஏற்றி விடுகிற கங்காணி ஒரு பொம்பிளைதான். என் வயசுக்கு இளையவள், என்னை அண்ணே என்பாள், ஆனால் அந்த அண்ணேயில் மரியாதை குறைவு, வம்பு கூட. தோட்டத்து மேனேஜரிடம் மலையாளத்தில் சண்டை போட்டுக் கூலி வாங்கித் தருகிறவள். அன்றைக்குத் துவைத்துக் காயப்போட்ட சேலைகளுக்கு நடுவே பெண்களைக் கூட்டி உட்கார வைத்திருந்தாள். களப்பணிப் பெண் மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்துவிட்டாள், தலையில் முக்காடு கூட எடுக்கவில்லை. பேராசிரியருக்கு என் வீட்டிலிருந்து நாற்காலி போட்டேன்.

அவர் படத்தை விரித்துக் காட்டி, காலையும் மாலையும் பெண்கள் நடைப்பயிற்சி செய்யலாம், உடம்புக்கு நல்லது என்று சொன்னார். கங்காணி எழுந்தாள்.

“மலையில நடக்குறது பத்தாதுன்னு இங்கன வந்து வேற நடக்கணுமாக்கும்? அதுக்கு கேட்டு வேற போட்டுப் பூட்டுவீகளா?”

பெண்களெல்லாம் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஜீப்பு நிற்கிற இடத்தை நீங்கள் காலி இடம் என்று எழுதியிருக்கிறீர்கள், தெரியாமல் எழுதியதை மாற்றி எழுதுங்கள், பூங்காவை வாய்க்கால் பக்கம் கொண்டுபோங்கள் என்று மரியாதையாகவே சொன்னேன்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். தெரியாமல் எழுதவில்லையாம். ஜீப்பு வருவது அவருக்குத் தெரியும். ஒரு மாணவரையும் களப்பணிப் பெண்ணையும் விடியற்காலையில் அனுப்பிப் போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறார்களாம். நான் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் முக்காட்டுத் துணியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, ஒரு ஜீப்பில் அத்தனை பேர் போவது சட்டப்படி தவறு,” என்றார் பேராசிரியர். “பல்கலைக்கழக அறிக்கையில் அதை எழுத முடியாது. எழுதினால் அரசாங்கம் ஜீப்பை நிறுத்திவிடும். இந்தப் பெண்களைப் பாதுகாக்கத்தான் நாங்கள் அதை விட்டுவிட்டோம்.”

கங்காணி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“எங்கள எழுதாம விட்டீக, சரி. எடத்த எதுக்குக் காலின்னு எழுதுனீக?”

அவர் பதில் சொன்னார். சொல்லாமல் இல்லை. திட்டம், விதிமுறை, மாற்றுப் போக்குவரத்துக்குத் தனியாகப் பரிந்துரை செய்திருக்கிறோம், அரசு பஸ் விட வாய்ப்பு இருக்கிறது என்று என்னென்னவோ. அவர் கெட்ட மனுசன் இல்லை, இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அவர் நம்பித்தான் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியதே அதனால்தான். எங்கள் மண்டியில் ஒருவன் அழுகல் தாரை அடியில் வைத்து நல்ல தாரை மேலே அடுக்கினால், அவனுக்கு அது ஏமாற்று என்று தெரியும். பிடிபட்டால் பல்லைக் காட்டிவிட்டு ஓடுவான். இந்த மனுசனோ எங்கள் பெண்களைத் தரையிலிருந்து துடைத்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்கிறார். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுதினால் அச்சுப்போடுகிறவர்கள் போடமாட்டார்கள். என் வீட்டுக்குள்ளிருந்து என் சம்சாரம் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். கையெழுத்தும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, நாற்காலியை விட்டு எழுந்திரும் ஐயா என்று சொல்லியதுதான் அதில் அடக்கமான வார்த்தை.

அவர்கள் போகும்போது களப்பணிப் பெண் பின்தங்கி நின்று, ஜீப்பு நிக்கிறத நான் எழுதிக் குடுத்தேன் ஐயா, அவுகதான் எடுத்துட்டாக என்றாள். எடுத்தபோது நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று அவளையும் ஒரு பிடி பிடித்தேன். அவள் அழுதுகொண்டே போனாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, அப்போது இல்லை.

என் கையெழுத்து இல்லாமல் போனால் நின்றுவிடும் என்று நினைத்தேன். அதற்கும் அவர்களிடம் வழி இருந்தது. குழுவைத் திருத்தி அமைத்தார்கள். சாலைப்பக்கம் மாடிவீட்டில் இருக்கிற, ரிட்டயர்டு ஆன ஓர் ஆபீசர் தலைவர் ஆனார். அவருக்குச் சர்க்கரை வியாதி, நடக்க இடம் வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒருநாள் மண்டியிலிருந்து வரும்போது பார்க்கிறேன், பொட்டலில் பூங்கா அமையவிருக்கும் இடம் என்று பலகை நட்டிருக்கிறது. நாளைக்கு வேலிக்கம்பி லோடு இறங்கும் என்று காண்டிராக்டரின் ஆள் சொன்னான்.

அன்று சாயங்காலம் கங்காணி என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். ஜீப்புக்காரன் இப்போதே வேறு குடியிருப்பில் ஆள் பேச ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னாள். எப்போதும் வம்பு பேசுகிறவள் அன்றைக்கு ஒரு வம்பும் பேசவில்லை.

“என்னண்ணே செய்யிறது?” என்று மட்டும் கேட்டாள்.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. மகள் வக்கீல்தான், அவளிடம் கேட்டால் மனுப் போட்டு வாய்தா வாங்குவதற்குள் பூங்காவில் மரம் வளர்ந்துவிடும். எனக்குத் தெரிந்தது லாரி. இருக்கிற லாரிகளில் பழசை எடுத்து ஓட்டிக்கொண்டுபோய், சாலையிலிருந்து லோடு வண்டி பொட்டலுக்குள் நுழைய இருக்கிற ஒரே வழியின் குறுக்கே நிறுத்தினேன். மெக்கானிக்கை வரச்சொல்லி, பின்பக்கம் ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலையும் உருவி வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அந்த மெக்கானிக் என்னிடம் தொழில் பார்ப்பவன்தான், ஆனாலும் நல்ல ஆக்சிலை எதற்கு முதலாளி கழற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நீ கழற்று என்றேன். லாரிக்கு ஒருபக்கம் ஜீப்பு நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தேன். கம்பி லோடு ஏற்றி வருகிற வண்டிக்கு அந்த வழி பத்தாது. இந்த அளவெல்லாம் எனக்குக் கண்ணாலேயே தெரியும்.

காண்டிராக்டர் வந்தான். வண்டி பழுது, சாமான் கோயமுத்தூரிலிருந்து வரணும் என்றேன். அடுத்த வாரம் வந்தான். சாமான் வரவில்லை என்றேன். நகராட்சியிலிருந்து வந்தார்கள். பழுதான வண்டியை எப்படித் தள்ளுவது, நீங்களே தள்ளிப் பாருங்கள் என்றேன். கிரேன் கொண்டுவருவோம் என்றார்கள். கொண்டுவாருங்கள், தூக்கும்போது என் லாரி உடைந்தால் நஷ்டம் யார் தருவது என்று முதலில் எழுதிக் கொடுங்கள் என்றேன். போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். அங்கே இருந்த எஸ்.ஐ.யின் தங்கை கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டியது நான்தான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

விடிகாலையில் ஜீப்பு லாரியை ஒட்டி உரசிக்கொண்டு உள்ளே வரும், பெண்கள் ஏறுவார்கள், போகும். காண்டிராக்டர் வருகிற நேரத்துக்குப் பொட்டல் வெறுமையாக இருக்கும், லாரி மட்டும் ஜாக்கியில் நிற்கும்.

இப்படியே போய், நிதியாண்டு முடிகிற மாதம் வந்தது. செலவழிக்காத பணம் திரும்பப் போய்விடும் என்று அவசர அவசரமாகப் பூங்காவை வேறு வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே யார் நிற்கிற இடமோ, எனக்குத் தெரியாது.

களப்பணிப் பெண் ஒருநாள் வந்தாள். திட்டம் முடிந்துவிட்டது, அவளுக்கு வேலையும் முடிந்துவிட்டது. பேராசிரியர் வேறு ஊரில் வேறு திட்டத்துக்குப் போய்விட்டாராம், அங்கே அந்த ஊர் ஆளைத்தான் எடுப்பார்களாம். அறிக்கையில் எங்கள் பகுதியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சொல்லத் தயங்கினாள். அதட்டினேன். இந்தப் பகுதி மக்களிடம் ஒத்துழைப்பு குறைவு என்று எழுதியிருக்கிறதாம்.

ஒத்துழைப்பு குறைவு. வேலை மெனக்கெட்டு அவர்களுக்கு வாயைத் திறந்து பேசினோம். வெயிலில் குந்திக் கோலப்பொடி தூவினோம். ஓய்வுநாளை விட்டு வந்து உட்கார்ந்தோம். இதற்கு மேல் ஒத்துழைப்பு என்றால் எழுந்து இடத்தைக் காலி பண்ணிக்கொண்டு போவதுதான். மொத்தக் கதையிலும் நஷ்டப்பட்டது இந்தப் பெண் ஒருத்தி. அதுவும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தவள். அன்றைக்கு அவளைத் திட்டியனுப்பியது எனக்கு அப்போதுதான் உறுத்தியது. மண்டியில் பில் போடுகிற வேலை இருக்கிறது, வருகிறாயா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் ஐயா என்றாள். இன்னும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கங்காணி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

“அவுகதான் போயிட்டாகள்லண்ணே. லாரிய எடுங்க. ரெண்டு ஜீப்பு நிக்கிற எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. ஏறும்போது ஒரு பிள்ளைக்குச் சேல மாட்டிக் கிழிஞ்சுபோச்சு.”

எனக்கு வந்ததே கோபம். நாளைக்கே இன்னொரு கூட்டம் இன்னொரு படத்தைத் தூக்கிக்கொண்டு வரும், அப்போது என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“வந்தா திரும்பக் கழட்டுங்க. ஒங்களுக்குத் தெரியாத வேலையா?”

மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஆக்சிலை ஏற்றி, சக்கரத்தை மாட்டினோம். ரொம்பநாள் நின்ற வண்டி, பேட்டரி செத்துப்போயிருந்தது. வேறு பேட்டரி கட்டி, நானே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினேன். பின்னால் கங்காணி நின்றுகொண்டு, லெப்ட்டுல ஒடிங்க, ஒடிங்கண்ணே, இன்னும் ஒடிங்க என்று கையை ஆட்டுகிறாள். குமுளி மலை இறக்கத்தில் மழையிலும் மூட்டத்திலும் லாரி ஓட்டியவன் நான். எனக்கு இவள் ரிவர்ஸ் சொல்லித் தருகிறாள். மலைக்குப் போகிற பெண்களெல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தக் கோபத்தையும் பேராசிரியர் கணக்கிலேயே ஏற்றிக்கொண்டு, அவள் சொன்னபடி ஸ்டியரிங்கை ஒடித்தேன்.